குளிரில் படிக்கும் பிள்ளைகள்: செலவு குறைவாக அறையைக் கதகதப்பாக்கும் வழிகள்

ரிங்லெட், கேமரன் மலையில் ஏறும்போது முதலில் வரும் ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1,400 மீட்டரைத் தாண்டிய தானா ராத்தாவை விட இங்கே குளிர் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் மழைக்கால இரவில், தகரக் கூரை போட்ட லயத்து வீட்டில் உட்கார்ந்து எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது குறைவாகத் தெரியாது. விரல் விறைத்தால் பேனா ஓடாது.

மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை கேமரன் மலையில்தான். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி அது 7.8 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. வழக்கமான இரவுகளில் மலையில் வெப்பநிலை 15, 16 டிகிரி அளவில் இருக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருப்பது உடல்நலத்துக்கு நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்த இரண்டு மூன்று டிகிரி இடைவெளியை அதிகச் செலவில்லாமல் சமாளிக்க முடியும்.

முதலில் ஆளைச் சூடாக்குங்கள்

அறை முழுவதையும் சூடாக்கத்தான் பணம் அதிகம் போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதை வெளியே விடாமல் பிடித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

- தடித்த சட்டை ஒன்றை விட மெல்லிய சட்டைகள் இரண்டு மூன்று மேல். சட்டைகளுக்கு இடையே தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.
- பண்டல் கடைகளில் பழைய கம்பளி ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கும். நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து உடுத்தலாம்.
- பள்ளியிலிருந்து ஈரக் காலுறையோடு வந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரத்துணி உடல் சூட்டை வேகமாக இழுத்துவிடும்.
- படிக்கும்போது காலை வெறும் சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டாம். பழைய துண்டு போட்ட அட்டைப் பெட்டிக்குள் காலை வைத்துக்கொள்ளலாம்.

படுக்கைக்கு அடியிலும் கவனியுங்கள்

தோத்தோவில் படுப்பவர்கள் மேலே இரண்டு போர்வை போர்த்தியும் குளிர்கிறது என்பார்கள். காரணம் கீழே இருக்கிறது. உடல் எடையில் தோத்தோ அமுங்கிவிடுவதால் சூடு தரைக்குப் போய்விடுகிறது. அடியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போடுங்கள், அல்லது நாளிதழ்களைக் கனமாக அடுக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டிப் படுக்க வேண்டாம். ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெயில் அடிக்கும் காலையில் போர்வையையும் தோத்தோவையும் வெளியே காயப்போட்டால் இரவில் வித்தியாசம் தெரியும்.

படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு, ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் போர்வைக்குள் வைக்கலாம். கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றாமல் சற்று ஆறவிட்டு ஊற்ற வேண்டும். குடிநீர் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் புட்டி இதற்கு ஆகாது. அது வெந்நீரில் நெளிந்து ஒழுகி, தோல் வெந்துவிடும்.

காற்றும் ஈரமும்

கதவின் அடி இடுக்கில் பழைய கைலியைச் சுருட்டி வைப்பது, பலகைச் சுவரின் விரிசல்களை அடைப்பது, சன்னலுக்குத் தடித்த திரை போடுவது ஆகிய மூன்றுக்கும் செலவு மிகக் குறைவு. ஆனால் அறையை முழுக்க அடைத்துவிடக் கூடாது. படிக்கும் அறையில் ஈரத்துணியைக் காயப்போட்டால் அந்த ஈரமெல்லாம் காற்றில் கலந்து சுவரில் படியும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது குளிரை விடக் கெடுதல். பகலில் சிறிது நேரமாவது சன்னலைத் திறந்து வையுங்கள்.

மின்சாரம்: கணக்குப் பார்த்துச் செலவழிப்போம்

2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரவில் மூன்று மணி நேரம் வீதம் ஒரு மாதம் ஓட்டினால் 180 யூனிட் ஏறிவிடும். ஒரு லிட்டர் நீரைக் கெட்டிலில் கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.1 யூனிட் போதும். அந்த நீர் வெந்நீர்ப் பைக்கும் ஒரு குவளைத் தேநீருக்கும் ஆகும். 100 வாட் மின்போர்வை எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது.

மின்சாதனம் வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டரை நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்ட வேண்டும். கெட்டில், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் ஒயர் சூடேறும். பழைய ஒயரிங் உள்ள பலகை வீட்டில் அப்படித்தான் தீப்பிடிக்கும். ஹீட்டர் அருகில் துணி காயப்போடாதீர்கள். அதை ஓடவிட்டுத் தூங்காதீர்கள்.

கரி அடுப்பு அறைக்குள் வேண்டாம்

இதைப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும். குளிர் தாங்காமல் கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிக் கரி சிவந்துவிட்டால் பயமில்லை என்பது தவறு. அப்போதும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும். தூங்குகிறவருக்கு எழுந்து வெளியேறும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். கேஸ் அடுப்பைக் குளிர்காய எரியவிடுவதும் கூடாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி ஒன்றாக வந்தால், அதுவும் வீட்டில் ஒருவருக்கு மேல் வந்தால், உடனே எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். 999க்கு அழையுங்கள். காற்று வாங்கிவிட்டு மறுபடி அந்த அறையில் போய்ப் படுக்கக் கூடாது.

வீட்டில் ஓர் ஏற்பாடு

சமையல் நடக்கும் நேரத்தில் வீட்டிலேயே சூடான இடம் அடுப்படிதான். புகைபோக வழி இருந்தால், மாலைப் பாடத்தை அங்கே ஒரு மேசை போட்டுப் படிக்கவிடலாம். அம்மா சமைக்கச் சமைக்கப் பிள்ளை படிக்கலாம். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் கைகாலில் இரத்த ஓட்டம் வரும். பிளாஸ்க்கில் சுக்குமல்லி காப்பி போட்டு வைத்தால், இரவில் மறுபடி அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை.

கையில் பணம் கொஞ்சமாக இருந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: காலுறையும் ஸ்வெட்டரும் முதலில், படுக்கைக்கு அடி அட்டை அடுத்து, வெந்நீர்ப் பை மூன்றாவது. ஹீட்டர் கடைசியில்தான்.