உழவும் எருவும்: வளைகுடா மணலில் இரு குறள்கள்

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் 1037, 1038 ஆகிய குறள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்பது முன்னது. உழுவதினும் எருவிடுதல் நன்று என்பது பின்னது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் மண்ணின் வரலாற்றோடு வைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னதன் கருத்து தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மண்ணை நுணுக்கி உழுதாலே எருவின் தேவை நீங்கும் என்று இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் 1733இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்கள் அதன் மட்கை விரைந்து சிதைக்கின்றன, தழைச்சத்து வெளிப்படுகிறது. கென்யாவில் பணியாற்றிய எச். எஃப். பர்ச் 1958இல் இதனை ஆய்ந்து வெளியிட்டார். உழவு மண்கட்டிகளை உடைத்து, உள்ளே காக்கப்பட்டிருந்த மட்கையும் சிதைவுக்கு உட்படுத்துகிறது. எனவே எருவின்றி விளைவது புதிதாய்ப் பிறந்த வளத்தால் அன்று. முன்பு சேர்ந்த வைப்பு செலவாவதால்.

அவ்வைப்பே இல்லாத நிலத்தில் என்ன நேரும்? இதற்கு வளைகுடா விடை தருகிறது. அபுதாபி அமீரகத்தில் 2006 முதல் 2009 வரை நிகழ்ந்த மண்ணளவாய்வு, நிலத்தின் பெரும்பகுதி மணற்பாங்கானது எனக் காட்டிற்று. இம்மணலில் கரிமப்பொருள் மிகக் குறைவு. அதனைப் பற்றிக் காக்கும் களித்துகளும் அரிது. வெப்பமோ சிதைவை விரைவாக்குகிறது. இங்கே உழுது புழுதியாக்கினால் வெளிப்படச் சத்தில்லை; புழுதியையும் காற்று கொண்டுபோகும்.

ஆதலின் அங்குள்ள பழைய உழவர் எருவையே நம்பினர். உலக மரபுச் சின்னங்களாக அல் ஐன் சோலைகள் 2011இலும், ஓமானின் ஃபலஜ் கால்வாய்கள் 2006இலும் அறிவிக்கப்பட்டன. இச்சோலைகளில் பேரீச்சையின் நிழலில் எலுமிச்சையும், அதன்கீழ்க் குதிரைமசாலும் வளரும். தீவனம் தின்ற ஆடுமாடுகளின் சாணம் மண்ணுக்கே திரும்பும். ஓமானின் மலைச்சோலைகளில் படிவயல்களின் மண்ணே மனிதர் கொணர்ந்து நிரப்பியதாகும்.

முற்காலத்தில் உழுத காளையே எருவும் தந்தது. இரு குறள்களும் ஒரே தொழுவத்தில் நிறைவேறின. டிராக்டர் உழவைப் பெருக்கித் தொழுவத்தை வெறுமையாக்கியது. பழந்தமிழர் மண்ணறிவுக்குச் சான்றாக 1037ஐ மட்டும் எடுத்துக்காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. இக்கட்டுரையாளரும் அவ்வாறு உரையாற்றியதுண்டு. 1038ஐ விடுத்து அதனைப் படிப்பது, வரவை மறந்து செலவை மட்டும் புகழ்வதாகும்.