சொல்லைப் பின்தொடர்ந்த தெய்வம்

காஞ்சிபுரத்திற்குத் தலப்பயணமாக வருவோர் ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராசர் ஆகிய மூன்று பெருங்கோயில்களைக் கண்டு, பட்டுக்கடைக்குள் புகுந்து, மாலைக்குள் ஊர் திரும்பிவிடுகின்றனர். இக்கோயில்களின் பெருமை நாடறிந்தது. ஆயின் கவிதையில் நாட்டமுடைய நமக்கென இவ்வூரில் வேறொரு வழியும் உண்டு. குமரகோட்டத்தில் தொடங்கி, திருவெஃகாவைக் கண்டு, ஓரிக்கையில் முடியும் வழி அது. சொல்லைப் பற்றிய தொன்மங்கள் அவ்வழி நெடுக நிற்கின்றன.

பெரிய காஞ்சிபுரத்துக் குமரகோட்டம், கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம். அவர் நாளும் நூறு பாடல் இயற்றிக் கருவறையில் வைப்பார். விடியலில் முருகனின் திருத்தங்களோடு ஏடு இருக்கும் என்பது மரபு. முதலடியும் அவன் எடுத்துக் கொடுத்ததே. அவ்வடியின் முதற்சொல்லில் ழகர மெய்யும் தகரமும் புணர்ந்து டகரமாகியிருந்தது. 'இதற்கு விதி யாது?' என அவையோர் தடுத்தனர். சோழநாட்டிலிருந்து வந்த புலவரொருவர் வீரசோழியத்திலிருந்து விதி காட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்ததாம். வீரசோழியம், வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய இலக்கணம். சைவப் புராணத்தின் முதற்சொல்லுக்குப் பௌத்தர் ஒருவரின் நூல் அரணாக நின்றது! தெய்வம் தந்த சொல்லுக்கும் இலக்கணம் கேட்ட அவையை இந்நகரம் பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறது.

அங்கிருந்து சின்னக் காஞ்சிபுரம் நோக்கிச் சென்றால் திருவெஃகா. பொய்கையாழ்வாரின் அவதாரத் தலம். பெரும்பாணாற்றுப்படை பாடும் பாம்பணைப் பள்ளியை உரையாளர் இத்தலமாகவே கொண்டனர். 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, இத்தலத்தின் தொன்மை அச்சிலும் நிலைபெற்றது. பல்லவர்க்கு முன்னரே, தொண்டைமான் இளந்திரையன் நாளிலேயே, திருமால் இங்குக் கிடந்த கோலத்தில் வழிபடப்பெற்றான் என்பதற்கு இவ்வுரை மரபு சான்றாகும்.

அக்கோலத்திற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. முதற்கதையில், தன்னை விலக்கிப் பிரமன் வேள்வி தொடங்கியதால் சினந்த கலைமகள் வேகவதி ஆறாகப் பெருகி வருகிறாள். திருமால் குறுக்கே அணையாகக் கிடந்து தடுக்கிறான். இரண்டாங்கதை குருபரம்பரை நூல்கள் கூறுவது. பல்லவ மன்னன் தன்னைப் பாடும்படி கணிகண்ணனைப் பணிக்கிறான். அவன் மறுக்கவே நாடு கடத்துகிறான். கணிகண்ணனின் ஆசிரியர் திருமழிசையாழ்வார், பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வருமாறு பெருமாளைப் பாடி அழைக்கிறார். மூவரும் வெளியேற, நகர் இருளடைகிறது. மன்னன் பிழையுணர்ந்து வேண்ட, அப்பாடலிலேயே சில சொற்களை மாற்றிப் பாடி ஆழ்வார் பெருமாளை மீண்டும் பள்ளிகொள்ளச் செய்கிறார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்னும் பெயரும், பிற தலங்களுக்கு இடவலம் மாறிய கிடக்கையும் இதற்கு அடையாளமாகக் காட்டப்படுகின்றன.

இவ்விரு வெண்பாக்களும் நாலாயிரத்துள் இல்லை. குருபரம்பரை நூல்களோ ஆழ்வார்க்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. ஆதலின் இதனை நடந்த வரலாறெனக் கொள்ள இயலாது. எனினும் ஒரே கோலத்திற்கு அமைந்த இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். சொல்லின் தலைவி சினத்தால் வெள்ளமாகி வந்தபோது தடுத்துக் கிடந்தவன், விலைபோகாத புலவனின் சொல் கேட்டதும் எழுந்து நடக்கிறான். எச்சொல் தடுக்கத்தக்கது, எச்சொல் பின்பற்றத்தக்கது என்பதற்கு நம் முன்னோர் கண்ட விடையாக இதனைக் கொள்ளலாம்.

வெளியேறியோர் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கையாகி, இன்று ஓரிக்கை என வழங்குகிறது. தை மகத்தையொட்டிப் பெருமாள் அங்கு எழுந்தருளுகிறார். பாலாற்றங்கரையிலுள்ள அவ்வூருக்குச் செல்ல வேகவதியைக் கடக்க வேண்டும். கலைமகளின் வடிவென்று நாம் கொண்டாடும் அவ்வாறு, இன்று ஊரின் கழிவுநீர் சுமந்து, ஆக்கிரமிப்புகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கிறது. ஆழ்வாரைப் போற்றும் ஊர், கலைமகளை மறந்துவிட்டது. கதையை மட்டும் காத்து, கதை நிகழ்ந்த ஆற்றை இழப்போமாயின், வருங்கால மாணவர்க்கு எதனைச் சுட்டிக்காட்டி இத்தொன்மத்தைக் கற்பிப்போம்?

நம் வட்டத்திற்குப் பத்தாண்டு நிறைவுறுகிறது. அரங்குகளில் கூடிக் கவிதை படித்தோம். யாப்பும் பொருளும் குறித்து வாதிட்டோம். குமரகோட்டத்து அவை வைத்த வினா நம்மிடையே என்றும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். பரிசுக்காகவோ பதவிக்காகவோ ஒருவரைப் பாடும்படி நேருங்கால், கணிகண்ணனின் மறுப்பும் நினைவுக்கு வர வேண்டும். வரும் தை மகத்தன்று உறுப்பினர் அனைவரும் திருவெஃகாவிலிருந்து ஓரிக்கை வரை ஒன்றாக நடந்து செல்வோம். வழியில் வேகவதிக் கரையில் சற்றே நின்று, அந்த ஆற்றுக்கு நாம் செய்ய வேண்டியதையும் பேசுவோம்.