துரைமாரின் தூண்டிலும் காட்டுக்கோழியின் கழுத்திறகும்

கண்டி மலைநாட்டின் சரித்திரத்தைக் கோப்பியையும் தேயிலையையும் கொண்டே நாம் பெரிதும் எழுதிவந்துள்ளோம். தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலைகளை மூடியது. இம்மாற்றங்களுக்கிடையே, 1880களில், துரைமார் தம் நாட்டு ட்ரவுட் மீனை முட்டைகளாகக் கப்பலேற்றி நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். ஆங்கிலச் சீமான்கள் மீன்களின் அரசன் என மதித்த சால்மனுக்கோ வடகடலின் குளிர் வேண்டும். அது இங்கு வாழாது. எனவே ட்ரவுட்டே அவர்களுக்கு ஆறுதலாயிற்று.

இவ்விரு மீன்களையும் அவர்கள் பிடித்தது செயற்கை ஈயினால். கொக்கியொன்றில் நூலும் இறகும் மயிரும் சுற்றிக் கட்டுவதே அது. ட்ரவுட் பூச்சிகளைத் தின்பதால் அதற்கான ஈ பெரும்பாலும் பூச்சியைப் போலிருக்கும். கடலிலிருந்து முட்டையிட ஆறேறும் சால்மனோ அங்கே இரை தேடுவதில்லை. ஆகவே அதற்கான ஈ எதையும் ஒத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இந்தச் சுதந்திரத்தில் ஆடம்பரம் புகுந்தது. 'ஜாக் ஸ்காட்' என்ற ஒரே ஈயில் சீனத்துப் பொன்னிறப் பெசன்ட், தென்னமெரிக்க டூக்கான், ஆபிரிக்கத் தீக்கோழி, தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழி ஆகியவற்றின் இறகுகள் சேர்ந்தன. 1895இல் ஜோர்ஜ் கெல்சன் எழுதிய நூல் இத்தகைய ஈக்களை நூற்றுக்கணக்கில் விவரித்தது.

அக்காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோன்ற புள்ளிகள் உண்டு. இலங்கைக் காட்டுக்கோழிக்கு அவை இல்லை. எந்தத் தமிழ்நாட்டிலிருந்து ஏழை உழவர் மாத்தளை வழியே கண்டிச் சீமைக்கு நடத்தி வரப்பட்டனரோ, அந்நாட்டு மலைக்காடுகளிலிருந்தே இவ்விறகும் இலண்டன் கடைகளுக்குச் சென்றது. ஒருவர் உழைப்பையும் ஒன்றன் உயிரையும் ஒரே சந்தை விலை பேசிற்று.

எதிர்ப்பும் எழாமலில்லை. பறவையிறகு ஏற்றுமதியை இந்திய அரசு 1902இல் தடைசெய்தது; இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1921இல் பிரித்தானியாவில் நிறைவேறிற்று.

இத்தனை இறகுகளும் மீனுக்குத் தேவைதானா? ஸ்கொத்லாந்தின் டீ ஆற்றில் பல்லாண்டு மீன்பிடித்த ஆதர் வூட் இதைச் சோதித்தார். ஈயின் வகை பெரிதன்று. அதன் அளவும் நீரில் அது செல்லும் ஆழமுமே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார். எளிய இரண்டு மூன்று வகைகளையே பல அளவுகளில் கட்டிப் பயன்படுத்தினார். அவர் வழியைப் பின்பற்றுவோர்க்குக் கறுப்பில் ஒன்று, பளிச்சென்ற நிறத்தில் ஒன்று, இடைநிறத்தில் ஒன்று போதும். நீர் குளிர்ந்து பெருகியிருந்தால் பெரிய ஈ. வெதுவெதுப்பாய்த் தெளிந்து குறைந்திருந்தால் சிறியது. அரிய இறகுகளுக்குப் பதிலாக அணில்வால் மயிரும் வீட்டுச் சேவலின் இறகும் பிற்காலத்தில் ஈ கட்டப் பயன்பட்டன. மீன் அவற்றையும் கவ்விற்று.

அப்படியாயின், அந்தப் பகட்டு யாருக்காக? கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நண்பருக்குக் காட்டிய கனவானுக்காகவே என்கிறோம். லயத்தின் ஓரறையில் ஒரு குடும்பமே ஒடுங்கியிருந்த காலத்தில், ஒரு கொக்கியை அலங்கரிக்கக் கண்டங்கள் மூன்று சூறையாடப்பட்டன.

ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் வானவில் ட்ரவுட் நீந்துகிறது. அங்கே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மீனின் கதையோடு இறகின் கதையையும் சொல்லவேண்டும்.