சிங்கத்தின் வாய்

வெனிஸில் டோஜே அரண்மனைச் சுவரில் வாய் திறந்த கல் சிங்கங்கள் உண்டு. ஒரு காலத்தில் அதற்குள் யார்மீதும் புகார்ச் சீட்டு போட முடிந்தது, படித்தவர்கள் அதிகாரிகள். ஒரு சீட்டு ஒருத்தனைச் சிறைக்கு அனுப்பிவிடும் என்று தெரிந்துதான், கையெழுத்தும் ஆதாரமும் இல்லாத மொட்டைக் கடுதாசிகளை எரிக்கச் சொல்லி 1387இல் உத்தரவு போட்டார்கள்.

1713இல் ஜோசப் அடிசன் அதே யோசனையை லண்டனுக்குக் கொண்டுபோனார். பட்டன்ஸ் காபிக் கடையில் ஒரு சிங்கத் தலை. வாசகர்கள் போட்ட கடிதங்களில் தேறியது 'தி கார்டியன்' இதழில் அச்சாகும். எல்லோரும் படிக்கலாம், மறுக்கலாம். வெனிஸில் அந்த வசதி கிடையாது.

போன வருஷம் என் டீமில் ஒருவரைப் பற்றி பேர் போடாத மெயில் வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம்பினேன். வெனிஸ்காரன்கூட அதை எரித்திருப்பான்.