சான்றுச் சீட்டும் மனித உரிமையும்: விண்ட்ரஷ் மக்கள் இழப்பீடு கேட்ட வரலாறு

நிலத்தை உழுதவனிடம் பட்டா எங்கே என்று கேட்பதும், நாட்டைக் கட்டியவனிடம் குடிமைச் சான்று எங்கே என்று கேட்பதும் ஆள்வோர்க்குப் பழகிப்போன வழக்கம். அக்கேள்வியின் கொடுமையை நம் முன்னோர் நன்கு அறிந்தவர்கள். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கடல் கடந்த கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதுவானேன் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதத் தெரியாத பெரியோருக்குத் துணை நின்றால் ஒரு பேரரசின் அலுவலகத்தையும் அசைக்கலாம் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. அதனாலேயே அதனை இங்கு விரித்துரைக்கின்றோம்.

கப்பலில் வந்தோர்

இரண்டாம் உலகப் போரில் இடிந்துபோன பிரிட்டன், தன்னை மீண்டும் கட்டியெழுப்ப ஆள் தேடியது. 1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலிலிருந்து ஜமைக்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் டில்பரித் துறையில் இறங்கினர். அக்கப்பலின் பெயரே பின்னர் ஒரு தலைமுறையின் பெயராயிற்று. அவர்கள் அந்நியராக வந்தவரல்லர். பேரரசின் குடிகளாக வந்தனர். அதே ஆண்டு இயற்றப்பட்ட பிரிட்டானியக் குடியுரிமைச் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களையும் பிரிட்டனின் மக்களையும் ஒரே குடிமைக்குள் வைத்தது.

அவர்கள் பேருந்து ஓட்டினர். மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணினர். தபால் நிலையங்களிலும் ஆலைகளிலும் உழைத்தனர். ஆனால் வாடகைக்கு அறை கேட்டால் கதவு சாத்தப்பட்டது. வங்கியில் கடன் கேட்டால் கை விரிக்கப்பட்டது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. நம்மூர்ச் சீட்டைப் போன்று ஒவ்வொருவரும் வாரந்தோறும் பணம் போட்டு, முறை வைத்து எடுக்கும் ‘பார்ட்னர்’ என்னும் வழக்கத்தால் வீடு வாங்கினர். பள்ளிகள் தம் பிள்ளைகளை மந்தபுத்தியுடையோர் என்று ஒதுக்கியபோது, சனிக்கிழமைப் பள்ளிகளைத் தாமே நடத்தினர். பிற்காலத்தில் அவர்களைக் காத்தது இந்தக் கூட்டு வாழ்க்கையே.

காகிதமில்லா உரிமை

1962-இலும் 1968-இலும் வந்த சட்டங்கள் காமன்வெல்த்து மக்களின் வரவைச் சுருக்கின. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன்னரே பிரிட்டனில் குடியேறிவிட்ட காமன்வெல்த்து மக்கள் அங்கேயே நிலையாக வாழலாம் என்று அது உறுதி கூறியது. ஆனால் அவ்வுரிமைக்கு அடையாளமாக ஒரு துண்டுக் காகிதமும் அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. இன்னார்க்கு இவ்வுரிமை உண்டு என்னும் பதிவேடும் அரசிடம் இல்லை. பெற்றோரின் கடவுச்சீட்டில் பெயர் சேர்க்கப்பட்டுச் சிறுவராக வந்தோர், அங்கேயே படித்து, உழைத்து, வரி கட்டி முதுமை எய்தினர். தாம் குடிமக்கள் அல்லர் என்னும் ஐயம் அவர்கள் கனவிலும் எழவில்லை.

2012-இல் உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே, முறையான அனுமதியின்றித் தங்கியிருப்போர் நாட்டில் வாழவே இயலாதபடி ‘பகைச்சூழல்’ ஒன்றைப் படைக்கப்போவதாக அறிவித்தார். 2014, 2016 ஆண்டுகளின் சட்டங்கள் அதற்கு உருவம் தந்தன. வேலை கொடுப்போரும், வீட்டுக்காரரும், வங்கியும், மருத்துவமனையும் சான்று கேட்கும் காவலராயினர். உண்மையில் உரிமையுடைய முதியோரே இவ்வலையில் சிக்கினர். வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு சான்றுகள் வரை அவர்களிடம் கேட்கப்பட்டன. நாற்பது, ஐம்பது ஆண்டுக் காகிதங்களை எந்த ஏழை பெட்டியில் பூட்டி வைத்திருப்பான்? அவர்கள் நாட்டுக்குள் வந்த நாளைக் காட்டக்கூடிய பழைய வருகைச் சீட்டுகளையோ, 2010-இல் உள்துறையே அழித்துவிட்டிருந்தது.

விளைவு கொடிது. வேலை போயிற்று, உதவித்தொகை நின்றது, புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பணம் கேட்கப்பட்டது. காவலில் வைக்கப்பட்டும் நாட்டை விட்டு அனுப்பப்பட்டும் துன்புற்றோர் 164 பேர் என்பது அரசே பின்னர் ஒப்புக்கொண்ட கணக்கு.

ஓர் எளிய பெண்மணி

பாலெட் வில்சன் என்பார் சிறுமியாய் 1968-இல் ஜமைக்காவிலிருந்து வந்தவர். பாராளுமன்ற உணவகத்திலேயே சமையல் பணி செய்தவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் காப்புறுதிப் பணம் கட்டியவர். அத்தகையவரை 2017-இல் சட்டவிரோதக் குடியேறி என்று காவலில் அடைத்தனர். ஐம்பது ஆண்டுகளாகக் கண்ணால் காணாத நாட்டுக்கு அவரை அனுப்பவும் முற்பட்டனர். உல்வர்ஹாம்டன் நகரில் அகதிகளுக்கும் குடியேறியோர்க்கும் உதவிவந்த நிலையம் ஒன்றும், அவ்வூர்ப் பாராளுமன்ற உறுப்பினரும் தலையிட்டிராவிட்டால் அவர் விமானத்தில் ஏற்றப்பட்டிருப்பார். அவர் தம் துயரை மறைக்காமல் வெளியே சொன்னார். ‘கார்டியன்’ நாளிதழின் அமீலியா ஜென்டில்மேன் அதனையும், அதனையொத்த பிறர் கதைகளையும் தொடர்ந்து எழுதினார். சமூகத் தொண்டர் பாட்ரிக் வெர்னன் தொடங்கிய விண்ணப்பத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2018 ஏப்ரலில், அப்போது பிரதமராகியிருந்த தெரசா மே, கரீபியத் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மாத இறுதியில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

இழப்பீடு என்னும் இன்னொரு வழக்கு

மன்னிப்பு வாயளவில் வந்தது. ஈடு எளிதில் வரவில்லை. 2019 ஏப்ரலில் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. மேற்கிந்தியத் தீவினர்க்கு மட்டுமன்றி, 1973-க்கு முன் குடியேறிய இந்தியர் உள்ளிட்ட காமன்வெல்த்து மக்கள் அனைவர்க்கும் அது உரியது. ஆனால் தீங்கிழைத்த உள்துறையே தீர்ப்பு வழங்கும் இடத்திலும் அமர்ந்தது. விண்ணப்பமோ பல பக்கங்கள். வழக்கறிஞர் துணைக்கு அரசு பணம் தராது. இழந்த சம்பளத்துக்கும், இழந்த வீட்டுக்கும், பட்ட மனவேதனைக்கும் தனித்தனியே சான்று வேண்டும். காகிதமில்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட்டவரிடம் மறுபடியும் காகிதமே கேட்கப்பட்டது! அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டாலே நடுங்கிய முதியோர் பலர் விண்ணப்பமே செய்யவில்லை.

2021 நவம்பரில் பாராளுமன்றத்தின் உள்துறைக் குழு கூறிய கணக்கு நெஞ்சைச் சுடுவது. தகுதியுடையோர் 15,000 பேர் என்று முதலில் மதிப்பிடப்பட்டது. அவர்களுள் ஏதேனும் தொகை பெற்றவர் நூற்றுக்கு ஆறு பேர் கூட இல்லை. பணம் கைக்கு வருமுன்னரே 23 பேர் இறந்துவிட்டனர். திட்டத்தைத் தனி அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது, அரசு இணங்கவில்லை.

சமூகம் தோள் கொடுத்த விதம்

இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. இலண்டன் பிரிக்ஸ்டனில் 1981 முதல் இயங்கிவரும் கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம், 2018 முதல் இலவசச் சட்ட ஆலோசனைக் கூட்டங்களுக்குத் தன் கதவைத் திறந்துவிட்டது. வழக்கறிஞர் ஜாக்குலின் மெக்கென்சி போன்றோர் அங்கு வந்தமர்ந்து முதியோரின் குறைகளைக் கேட்டனர். 2020-இல் சட்ட உதவி நிலையங்களும், பல்கலைக்கழகச் சட்டத் துறைகளும், சமூக அமைப்புகளும் கைகோத்து விண்ட்ரஷ் நீதி மையத்தை நிறுவின. நாட்டிங்காமில் போதகர் கிளைவ் ஃபாஸ்டர் துணை மன்றம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

இவர்கள் செய்த பணி வெளிப்பார்வைக்குச் சிறியது. முதியவர் அருகில் அமர்ந்து, அவர் வாழ்வை ஆண்டுவாரியாக எழுதுதல். பழைய பள்ளிக்கும், மருத்துவருக்கும், முன்னாள் முதலாளிக்கும் மடல் எழுதிப் பதிவுகளைக் கேட்டல். விண்ணப்பம் தள்ளப்பட்டால் மனமுடையவிடாமல் மறு ஆய்வுக்கு அனுப்புதல். அவ்வளவே. ஆனால் துணையின்றி எழுதப்பட்டுத் தள்ளப்பட்ட விண்ணப்பங்கள், சட்டமறிந்தவர் கைபட்ட பின் ஈடு பெற்றதுண்டு.

கூட்டாக எழுப்பிய குரலும் வீண்போகவில்லை. வாழ்வு சிதைந்தமைக்கான ஈடு முதலில் 250 பவுண்டிலிருந்து தொடங்கியது. 2020 டிசம்பரில் அதன் கீழெல்லை 10,000 பவுண்டாகவும், மேலெல்லை 1,00,000 பவுண்டாகவும் உயர்ந்தது. 2024-இல் விண்ணப்பதாரர்க்குத் துணை நிற்கும் சமூக அமைப்புகளுக்கென 15 இலட்சம் பவுண்டு நிதி அறிவிக்கப்பட்டது. 2025-இல் முதல் விண்ட்ரஷ் ஆணையராக அமர்த்தப்பட்டவர், மேலே நாம் குறித்த போதகர் கிளைவ் ஃபாஸ்டரே. இதுவரை வழங்கப்பட்ட தொகை 10 கோடி பவுண்டைக் கடந்துவிட்டது. எனினும் நீதி நிறைவடைந்தது என்று நாம் கூறமாட்டோம். பாலெட் வில்சன் 2020 ஜூன் மாதம், சீர்திருத்தம் கோரும் விண்ணப்பத்தைப் பிரதமர் மாளிகையில் சேர்ப்பித்தார். அடுத்த மாதமே கண் மூடினார். காலந்தாழ்ந்த பணம் கல்லறைக்குப் பயன்படுவதில்லை.

நமக்கும் இது சொந்தக் கதை

விண்ட்ரஷ் கப்பல் கரை சேர்ந்த அதே 1948-இல், இலங்கை அரசு தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தேயிலை மலைகளில் உழைத்த தமிழரிடம், தாமும் தம் தந்தையும் அம்மண்ணிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. ஓலைக் குடிசையிற் பிறந்தவனுக்கு எங்கிருந்து வரும் பிறப்புச் சான்று? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அவர்களுள் பெரும்பகுதியினர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களே. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்கள் தலை எண்ணிப் பிரிக்கப்பட்டனர். எஞ்சியோர்க்கு முழுத் தீர்வு காண 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுத்தின் வலிமையை நம் முன்னோரும் அறியாதவரல்லர். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் நம் மக்களின் கையொப்பங்களைத் திரட்டி இலண்டன் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். 1919-இல் அண்ணல் அம்பேத்கர் சவுத்பரோ குழுவின் முன் தம் மக்களின் நிலையை எழுத்தில் வடித்துச் சான்றளித்தார். அவர்கள் பெற்ற கல்வி அவர்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடவில்லை.

ஆகவே, இளைஞர்களே! சங்கம் உங்களுக்குப் புகட்டிய கல்வி ஓர் அலுவலக நாற்காலிக்கு மட்டும் உரியதன்று. உங்கள் தெருவில் ஓய்வூதியம் நின்றுபோன மூதாட்டி இருப்பார். பஞ்சமி நிலத்தின் காகிதம் தொலைந்த முதியவர் இருப்பார். அயல்நாட்டில் கூலி மறுக்கப்பட்டுத் திரும்பிய உழைப்பாளி இருப்பார். அவர்கள் அருகில் ஒரு மணி நேரம் அமருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதற்குப் படி ஒன்று எடுத்து வையுங்கள். மறுப்பு வந்தால் மீண்டும் எழுதுங்கள். பிரிக்ஸ்டனிலும் நாட்டிங்காமிலும் எளிய மக்கள் செய்தது இதுவே. நம் ஊரிலும் இது நடக்குமாயின், இவ்வெள்ளி விழா பொருளுடைய விழாவாகும்.