கோடையில் உறங்கும் ஆமை

நீண்ட தூக்கத்தில் இருக்கும் ஆமையைப் பத்திரமாகக் காப்பது குளிர்நாடுகளின் கவலை. இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரைச் சேர்ந்த பாதிரியார் கில்பர்ட் வைட், தம் அத்தை வளர்த்த டிமொத்தி என்ற ஆமையை 1780-இல் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அது நவம்பரில் மண்ணுக்குள் இறங்குவதையும் ஏப்ரலில் மேலேறுவதையும் குறித்து வைத்தார். இன்று அங்கே ஆமை வளர்ப்போர் ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ச்சியில், ஃபிரிட்ஜிலேயே வைத்து அதைத் தூங்க விடுகிறார்கள். நெய்வேலிக்கு இந்த வித்தை பொருந்தவே பொருந்தாது. மார்கழி இரவில்கூட இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆமைக்கு இரை கிடைக்கும் காலம். அதற்குச் சோதனை சித்திரை, வைகாசியில் வருகிறது. ஏரி வற்றியதும் பாலாமை சேற்றில் புதைந்து, மழை வரும்வரை அசையாமல் கிடக்கிறது. கட்டாமை என்னும் நட்சத்திர ஆமை உச்சி வெயிலில் புதரடியில் ஒடுங்கிவிடுகிறது. அதைக் குளிரில் வைத்தால் நுரையீரல் நோய் வந்து மடியக்கூடும்.

ஆகவே நம் ஊர்களின் வரலாற்றில் ஆமையைக் காத்தது பெட்டியோ தோட்டமோ அன்று, நீர்நிலைதான் என்பது என் வாதம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொன்ன மக்கள், பாலாமையைக் கிணற்றில் விட்டார்கள். அது புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்பது நம்பிக்கை. ஏரி வெடித்துக் கிடக்கும் கோடையிலும் ஆழக் கிணற்றில் நீர் இருந்ததால், அந்த ஆமைக்குப் புதைந்து உறங்கும் தேவையே வரவில்லை. கிணறும் ஒரு சிறைதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. உறை இறக்கிய கிணற்றில் முட்டையிட மண் கிடையாது. தனி ஆமை உயிரோடு இருக்கும், இனம் பெருகாது. இனத்தைத் தாங்கியது ஏரியும் அதன் கரையும்தான். கிணற்று ஆமையும் அங்கிருந்துதான் வந்தது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விருத்தாசலம் வட்டத்தில் அந்த ஏற்பாடு எப்படிக் கலைந்தது என்பதற்கு நெய்வேலியே சான்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரும்பொருள் வெளிவந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணைப் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரி தெரியும். அடியிலுள்ள ஊற்றின் அழுத்தத்தை அடக்க, இரவு பகலாக நீரை இறைக்க வேண்டும். சுரங்கத்துக்குப் போன நிலத்தில் ஆமை புதையும் மேல்மண்ணே மிஞ்சாது. இறைக்கும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பயிரைக் காக்கிறது, அங்கே ஆமையும் வாழலாம் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் நீர் சேர்வது, இன்னோரிடத்தில் தோண்டப்பட்ட கரைக்கு ஈடாகாது. பழியை முழுக்கச் சுரங்கத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. சுரங்கமே இல்லாத ஊர்களிலும் ஆழ்துளைக் குழாய் வந்ததும் திறந்த கிணறு தூர்ந்தது. குழாயில் ஆமை வாழாது.

மிச்சமிருப்பது ஏரிச் சேறு. அதற்கும் ஆபத்து கோடையில்தான். நீர் இல்லாத மாதங்களில்தான் தூர்வாருகிறோம், பாலாமை அடியில் கிடப்பதும் அப்போதுதான். மண்வெட்டிக்குத் தட்டுப்பட்ட ஆமை தப்பியிருக்கும். ஜேசிபியின் வாளிக்கு அது தெரியாது. தூர்வாராமல் ஏரியைக் காப்பாற்ற முடியுமா என்ற எதிர்க்கேள்விக்கு, முடியாது என்பதே பதில். ஆனால் ஏரி முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டத் தேவையில்லை. ஈரம் மிஞ்சிய பகுதியை அடுத்த ஆண்டுக்கு விடலாம், வாரும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கலாம். கிடைத்த ஆமையை வீட்டுத் தொட்டியில் போடுவது அன்பாகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாலாமையோடு கட்டாமையும் இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டுச் சிறை. கண்டால் அதே ஏரியின் ஈரமண்ணில் விடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.