படிமேடையில் நின்ற ஆசான்



ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்கு ‘என் எதிர்கால ஆசை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணிப்பதுண்டு. பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளில் மருத்துவரே வருவார். ஒருமுறை ஒரு மாணவி மட்டும் தான் தாதியாக விரும்புவதாக எழுதியிருந்தாள். பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது இரவெல்லாம் பார்த்துக்கொண்ட தாதியைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். மறுவாரம் அவளுடைய தாயார் வந்தார். “டாக்டர்னு மாத்தி எழுதச் சொல்லுங்க டீச்சர்” என்றார்.

அவருக்கு அன்று நான் சரியாக விடை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுகிறேன்.

நீலக் குழந்தைகள்

1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டவ்சிக் என்னும் குழந்தை மருத்துவர் பணியாற்றி வந்தார். அவருக்குக் காது சரியாகக் கேளாது. ஆகவே குழந்தைகளின் நெஞ்சில் விரல் வைத்து இதயத்துடிப்பை உணரப் பழகிக்கொண்டவர் அவர்.

பிறவியிலேயே இதயக் குறைபாடு கொண்ட சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. உயிர்வளி குறைவதால் உதடும் விரல்நுனியும் நீலம் பாரிக்கும். ‘நீலக் குழந்தைகள்’ என்றே அவர்களை அழைத்தனர். அவர்களைக் காக்க அன்று வழியில்லை. டவ்சிக் ஒன்றைக் கவனித்தார். பிறந்தபின் இயல்பாக மூடிக்கொள்ள வேண்டிய ஓர் இரத்தக்குழாய் மூடாமல் இருக்கும் நீலக் குழந்தைகள் மற்றவர்களைவிட நலமாக இருந்தார்கள். அப்படியானால் அத்தகைய குழாய் ஒன்றைச் செயற்கையாக அமைக்க இயலாதா?

கேள்வி அவரிடம் இருந்தது. ஆனால் அவர் அறுவை மருத்துவர் அல்லர். 1943இல் அறுவைத் துறைத் தலைவர் ஆல்பிரட் பிளாலாக்கிடம் அக்கேள்வியைக் கொண்டு சென்றார். பிளாலாக்கோ அதைத் தம் ஆய்வகத்திலிருந்த விவியன் தாமஸிடம் ஒப்படைத்தார்.

தச்சரின் மகன்

விவியன் தாமஸ் 1910இல் பிறந்த கறுப்பினத்தவர். தந்தையிடம் தச்சுத்தொழில் கற்றவர். மருத்துவம் படிக்கப் பணம் சேர்த்து வந்தார். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அவர் பணம் போட்டிருந்த வங்கி மூழ்கியது. படிப்பும் அத்தோடு நின்றது. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். செய்தது ஆய்வுப்பணி; பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர்; ஊதியமும் அதற்குரியதே.

1941இல் இருவரும் ஹாப்கின்ஸ் வந்தனர். அங்கு வெள்ளை மேலங்கி அணிந்து நடந்த கறுப்பின மனிதரை மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். அக்கால நிறவேற்றுமை அப்படி.

ஏறத்தாழ ஈராண்டுகள் தாமஸ் நாய்களைக் கொண்டு ஆய்வு செய்தார். முதலில் அந்நோயின் நிலையை நாய்களில் உண்டாக்கினார். பின், கைக்குச் செல்லும் இரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்து அதைச் சீராக்கும் முறையை வகுத்தார். குழந்தையின் சிறிய குழாய்களுக்கு ஏற்ற ஊசி, இடுக்கி முதலியவற்றையும் அவரே செப்பனிட்டார். தச்சரின் கை அங்கே பயன்பட்டது.

1944 நவம்பர் 29

அன்று அறுவைக் கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டது 15 மாதக் குழந்தை. எடை ஏறக்குறைய 4 கிலோகிராம்தான். கத்தியைப் பிடித்தவர் பிளாலாக். ஆனால் அம்முறையை அதற்குமுன் அவர் ஒரே ஒருமுறைதான் செய்து பார்த்திருந்தார், அதுவும் தாமஸின் உதவியாளராக. தாமஸோ பலமுறை செய்தவர். ஆகவே ஒரு சிறு படிமேடை போட்டுத் தாமஸைத் தம் தோளுக்குப் பின்னே நிற்கச் செய்தார் பிளாலாக். தையல் எந்தப் பக்கமாகச் செல்ல வேண்டும், இடைவெளி சரிதானா என்று ஒவ்வொன்றையும் தாமஸ் எடுத்துச் சொன்னார். டவ்சிக்கும் மயக்க மருத்துவரும் தாதியரும் இளம் பயிற்சி மருத்துவர்களும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள்.

அக்குழந்தை சில மாதங்களே உயிர் வாழ்ந்தது. ஆயினும் அடுத்தடுத்த அறுவைகளில் நீல உதடுகள் மேசையிலேயே சிவக்கக் கண்டார்கள். நீலக் குழந்தைகளின் பெற்றோர் தொலைவிலிருந்தெல்லாம் பால்டிமோருக்கு வரத் தொடங்கினர்.

1945 மே மாதம் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன: பிளாலாக், டவ்சிக். தாமஸின் பெயர் இல்லை. வருமானம் போதாமல், பிளாலாக் அளித்த விருந்துகளில் அவர் மது பரிமாறிய நாள்களும் உண்டு. தாம் அறுவை கற்பித்த இளம் மருத்துவர்களுக்கே பரிமாறினார்.

அந்த மாணவர்கள் மறக்கவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவராகிய டென்டன் கூலி, தாமஸிடம் கற்றதை வெளிப்படையாகச் சொன்னவர். 1971இல் பழைய மாணவர்கள் தாமஸின் உருவப்படத்தை வரையச்செய்து மருத்துவமனைக்கு அளித்தனர். 1976இல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அது மருத்துவப் பட்டமன்று, சட்டத்துறைப் பட்டம். அதே காலத்தில்தான் அவர் அறுவைத் துறையின் பயிற்றுநராகவும் முறைப்படி நியமிக்கப்பட்டார். ஹாப்கின்ஸ் வந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1985இல் மறைந்தார். பிளாலாக்–டவ்சிக் பெயரில் வழங்கிய அந்த அறுவைமுறையை இன்று பலர் தாமஸின் பெயரையும் சேர்த்தே குறிக்கின்றனர்.

நமக்கு என்ன பாடம்?

ஒரு துறையினர் மற்றத் துறையினரோடு சேர்ந்தும், அவரிடமிருந்தும், அவரைப் பற்றியும் கற்க வேண்டும் என்று 2010இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. 2008இல் அது வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தி வைப்பதற்குமுன் கூடத்திலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்கிறது. 8 நாடுகளின் 8 மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பின்பற்றியபோது, உயிரிழப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. பெயர் சொன்னவருக்குத் தவறு கண்டால் வாய் திறக்கும் துணிவும் வருகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. மருத்துவப் பட்டம் பெறாத ‘டிரெசர்’ ஐயாவின் கையை நம்பித்தானே நம் பெற்றோர் நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்?

பிள்ளைகள் மருத்துவராகட்டும், மகிழ்ச்சியே. ஆனால் மற்ற பணிகளைத் தாழ்வாக எண்ணும் பிள்ளை மருத்துவரானால், பின்னால் நிற்பவரின் குரல் அதன் காதில் விழாது. பிளாலாக் அன்று திரும்பிக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த மாணவியின் கட்டுரையை நான் மாற்றச் சொல்லவில்லை. மதிப்பெண் இட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த முறை அந்தத் தாயாரைச் சந்தித்தால், படிமேடையில் நின்ற அந்த மனிதரின் கதையை முழுமையாகச் சொல்வேன்.